ஏழு மணிச் சங்கு

டீ சொல்லியாயிற்று. வருவதற்குள் ஒரு சின்னப் பரீட்சை வைத்துக்கொள்வோம். இந்தத் துண்டுக் காகிதத்தில் 5 5 5 என்று எழுதுகிறேன். மொத்தம் எத்தனை எண் எழுதியிருக்கிறேன்? யோசிக்காமல் சட்டென்று சொல்லுங்கள்.

மூன்று என்பதுதான் விடை. ஆனால் நாக்கு நுனிக்கு முதலில் ஓடிவந்தது ஐந்து, இல்லையா? அந்த ஐந்தை விழுங்கிவிட்டு மூன்றைச் சொல்ல மண்டைக்குள் ஒரு சிறு தள்ளுமுள்ளு நடக்கிறதே, கவனம் என்று நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் அதைத்தான். கூப்பிடாமல் வருவதை ஓரம்கட்டிவிட்டு, வேண்டியதில் நிற்பது.

இதே பரீட்சையை நம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 விவசாயிகள். செய்தவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் என்ற நால்வர். 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து அமெரிக்காவில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனவர். கரும்பு அவர் ஞாபகத்துக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

கரும்புக்காரர் கதை எங்கள் நெல்லிக்குப்பத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு வெட்டு. வெட்டி, வண்டி ஏற்றி, ஆலைக்குப் போய், எடை போட்டு, பில் பணம் வந்தால்தான் கையில் காசு. அதற்கு முந்தின மாதங்கள் கடன் மாதங்கள். அந்த ஆய்வுக் கணக்குப்படி அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் அது 4 சதவீதம். அதே ஆளுக்கு இரண்டு காலத்திலும் பரீட்சை வைத்தார்கள். ஐந்தும் மூன்றும் மாதிரிக் கேள்வி ஒன்று, விடுபட்ட கட்டத்துக்குப் பொருத்தமான வடிவத்தைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. பணம் வந்த பிறகு அதே மனிதர் வேகமாகச் சொன்னார், தப்புக் குறைவாகச் செய்தார்.

‘அறுவடைக்கு முன் வேலை அதிகம், வெயில் வேறு, அதனால் இருக்கும்’ என்று தோன்றலாம். இங்கேதான் ஆலை கை கொடுத்தது. ஒரு வட்டாரத்துக் கரும்பு முழுவதையும் எந்த ஆலையாலும் ஒரே வாரத்தில் அரைத்துவிட முடியாது. கட்டிங் ஆர்டர் ஒருவருக்கு முன்னால் வரும், அடுத்த வயல்காரருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். ஆகவே ஒரே ஊரில், ஒரே தேதியில், ஒரே வெயிலில், பணம் வந்தவரும் கடனில் இருப்பவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தார்கள். நாம் கட்டிங் ஆர்டர் தாமதம் என்று திட்டிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம், ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பழமாக வந்து வாயில் விழுந்தது! பின்னால் அமெரிக்காவில் சம்பள நாளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் இப்படி வித்தியாசம் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதச் சம்பளத்துக்கு முந்தின வாரமும் வருஷப் பணத்துக்கு முந்தின மாதங்களும் ஒன்றா என்பது வேறு வழக்கு.

டீ வந்துவிட்டது. சூடாக இருக்கிறது, பார்த்து.

இந்த ஆய்வை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. கவனம் சிதறுகிறவனைப் பார்த்தால் நாம் உடனே அவன் குணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். ‘மனசில் உறுதி இல்லை.’ ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்.’ ஆனால் அந்த விவசாயியின் குணம் அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். மாறியது அவர் தலைமேல் இருந்த பாரம். கவனத்தின் பெரும்பகுதி நம்மைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. செல்போன் விஷயத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் விளங்கும்.

எதிர்வீட்டுப் பையன் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறான். ஒருநாள் வந்து, “பெரியப்பா, பத்து நிமிஷம் சேர்ந்தாப்பல உக்கார முடியல. எனக்கு மூளையிலயே ஏதோ கோளாறு போல” என்றான். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் பாடமெல்லாம் டெலிகிராமில் பிடிஎஃப். வகுப்பு யூடியூபில். நேரம் பார்ப்பது போனில். படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் மேலேயே ஒரு பட்டை இறங்கி, சித்தி மகள் நிச்சயதார்த்தப் படத்தைக் காட்டுகிறது. டீக்கடைக்குள் உட்கார்ந்து மோர்க்குழம்பு வைக்கச் சொல்கிற மாதிரி அவன் நிலைமை.

போன் பிடித்து இழுக்கும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் போன நூற்றாண்டில் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். பொத்தானைக் கொத்தினால் தீனி. ஒவ்வொரு தடவையும் தீனி விழுந்தால் புறா பசிக்கு மட்டும் கொத்தும். எப்போது விழும் என்று தெரியாதபடி சிலசமயம் மட்டும் விழுந்தால், விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போவதும் அதுதான். பத்தில் ஒன்பது சப்பை, பத்தாவது சிரிக்க வைக்கும். அந்தப் பத்தாவது எப்போது வரும் என்று தெரியாது என்பதே கொக்கி. முன்பெல்லாம் பக்கம் முடியும். ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்த வேண்டும். அந்த அரை நொடியில் ‘போதும்’ என்று தோன்ற ஒரு வாய்ப்பு இருந்தது. 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கினார். அதற்காக வருந்துவதாகப் பிறகு அவரே வெளிப்படையாகப் பேசினார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்த நம் ஊரின் கைக்கட்டும் அவிழ்ந்தது. அதுவரை பூஸ்டர் பேக் தீர்ந்துவிடும் என்ற பயமாவது நம்மைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் இருபது வருஷமாக, அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரே திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்துகொண்டிருக்கிறார். 2004 வாக்கில் சராசரி இரண்டரை நிமிடம். சமீப ஆண்டுகளில் சுமார் 47 நொடி. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கண்ட இன்னொன்று: இடையூறுகளில் கிட்டத்தட்டப் பாதி வெளியிலிருந்து வருவதில்லை, நாமே எழுந்து போகிறோம். மணி அடிக்காமலேயே கை போனுக்குப் போகிறது. வெளியே இருந்த பழக்கம் உள்ளே குடிவந்துவிட்டது.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, முந்தின வேலையின் பிசுக்கு மனதில் ஒட்டியிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். முடிக்காமல் விட்டதானால் பிசுக்கு இன்னும் அதிகம். ஆக, பையன் நிச்சயதார்த்தப் படத்தை மூன்று நொடிதான் பார்த்தான் என்பது கணக்கல்ல. அதற்கு என்ன பதில் போடுவது, போடாவிட்டால் சித்தி என்ன நினைப்பாள் என்பது அடுத்த நாலு பக்கத்துக்குக் கூடவே வரும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உவமை உண்டு. பண்ருட்டி தாண்டிப் போனால் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. சும்மா விட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு பொங்கிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்தே அங்குள்ள பெரிய தலைவலி இந்தத் தண்ணீர்தான். (அந்த இறைப்பால் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு இன்னொரு டீ வேண்டும்.) தண்ணீர் பொங்கினால் சுரங்கத் தொழிலாளிக்கு மன உறுதி போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை. மோட்டார் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, கவனம் நன்றாக நிற்கிற இடம் எப்படி இருக்கும்? நம் ஊரிலேயே இருக்கிறது. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை. 1842இல் தொடங்கியது என்று கம்பெனிக் கணக்கு. சாறு சுத்தமாகி, சுண்டி, சிரப்பாக வந்த பிறகு ‘பான்’ என்கிற மூடிய ராட்சதக் கொப்பரைக்குப் போகும். உள்ளே காற்றை உறிஞ்சிவிடுவதால் 65, 70 டிகிரிச் சூட்டிலேயே கொதிக்கும், சர்க்கரை கருகாது. குருணை கட்டுவது அங்கேதான். பான் முன்னால் நிற்கும் ஆள் கம்பியைச் செருகி ஒரு சொட்டுப் பாகை இழுப்பார். கண்ணாடித் துண்டில் விரலால் தடவி, விளக்குக்கு நேரே பிடிப்பார். குருணை எல்லாம் ஒரே அளவா? முனை கூராக இருக்கிறதா? நடுவில் புதிதாகப் பொடி முளைத்திருக்கிறதா? பாகு அளவுக்கு மேல் இறுகினால் வேண்டாத பொடி முளைத்துவிடும். பிறகு மொலாசஸைப் பிரிக்கும்போது அடைத்துக்கொள்ளும். இளகிவிட்டால் வளர்ந்த குருணையும் கரைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்துக்குள்ளேயே மணிக்கணக்கில் பாகை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இப்போது அதை அளக்கக் கருவிகள் வந்துவிட்டன. கருவி இல்லாத காலத்தில் முழுக்க முழுக்கக் கண்ணும் விரலும்.

அவர் ஒன்றும் முனிவர் அல்ல. ஷிப்ட் முடிந்தால் நம்மைப் போலத்தான். ஆனால் பான் முன்னால் அவரால் நிற்க முடிகிறது. ஏனென்றால் செய்ய வேண்டியது என்ன என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. செய்தது சரியா தப்பா என்பதைக் கண்ணாடித் துண்டு அடுத்த நிமிடமே சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் வேறு யாரும் வேறு எதையும் அவரிடம் கேட்பதில்லை. எப்போது முடியும் என்பதும் தெரியும். ஷிப்ட் மாறினால் பொறுப்பு அடுத்தவர் கைக்குப் போய்விடும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

பையன் படிப்பில் இவற்றில் எதுவும் இல்லை. ‘நல்லாப் படி’ என்றால் எதை, எதுவரை? நாள் முழுக்கப் பாடத்தைப் படித்தாலும் ஏறியதா இல்லையா என்று சொல்ல ஒரு கண்ணாடித் துண்டு கிடையாது. அதனால் அவனுக்கு நான் சொன்னது மனதை அடக்கு என்பதை அல்ல. பிடிஎஃபை எல்லாம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடு என்றேன். முதலில் காசு வீண் என்றான். எடுத்த பிறகு, மூலை மடிந்த அந்தக் காகிதக் கட்டை அவனைவிட அவன் அம்மா பத்திரமாக வைத்துக்கொள்கிறாள். மணி பார்க்க ஒரு அலாரம் கடிகாரம். நேரம் பார்க்கப் போய் வாட்ஸ்அப்பில் போய் நிற்பது அதோடு நின்றது. பிறகு, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைக் குறைத்து, பழைய கேள்வித்தாளை எடுத்துப் போடு, உடனே விடையைத் திருத்து என்றேன். படித்ததையே மறுபடி படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தால் நாள்கணக்கில் நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். கேள்வித்தாள்தான் அவனுக்குக் கண்ணாடித் துண்டு.

“போனையே ஆஃப் பண்ணி வெச்சிடட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, அதுவும் இந்தியாவில் செல்போன் வைத்திருப்பவர்களிடமே செய்தது. நிக்கலஸ் ஃபிட்ஸ் என்பவரும் சகாக்களும் 2019இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு அறிவிப்புகள் வழக்கம்போல வந்தன. ஒரு சாராருக்கு நாளுக்கு மூன்று வேளை மட்டும், சேர்த்துக் கட்டி. இன்னொரு சாராருக்கு அறிவிப்பே இல்லை. மூன்று வேளைக்காரர்களுக்குக் கவனமும் நன்றாக இருந்தது, மனசும் லேசாக இருந்தது. அறிவிப்பே வராதவர்களுக்குப் பதற்றம் கூடிவிட்டது. எதையோ தவறவிடுகிறோம் என்ற கவலை. சாப்பாடு மாதிரி வேளைக்கு வந்தால் போனும் அடங்கி இருக்கிறது என்றுதான் இதை நான் எடுத்துக்கொண்டேன்.

கவனம் வேறு, மன அமைதி வேறு என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். வேலையே இல்லாதபோது மனசு நிற்பது இன்னும் கஷ்டம். விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி, 47 சதவீதம், மனம் கையிலுள்ள காரியத்தை விட்டு எங்கோ போய்விடுகிறது என்று கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010இல் கணக்கிட்டார்கள். அப்படிப் போகும்போது பெரும்பாலும் சந்தோஷமும் குறைகிறதாம். இதைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்தது, ஐபோனில் நேரம் கெட்ட நேரத்தில் மணியடித்து ‘இப்போது என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டது. அது போகட்டும். மனம் அலைவது போன் கண்டுபிடித்த வியாதி அல்ல. போன் அதற்குச் சாலை போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான்.

நம் கடலூர் மாவட்டத்தில் இந்தப் பேச்சு வடலூரைத் தொடாமல் முடியாது. வள்ளலார் 1823இல் பிறந்த மருதூரும் இங்கேதான், 1874இல் திருக்காப்பிட்டுக்கொண்ட மேட்டுக்குப்பமும் இங்கேதான். சிறு வயதில் சென்னையில் மாடி அறையில், சுவரில் கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி வைத்து, அதையே பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று அவர் வரலாற்றைச் சொல்கிறவர்கள் சொல்வார்கள். சத்திய ஞான சபையில் ஏழு திரைகளுக்குப் பின்னால் ஜோதி. தைப்பூசத்தன்று திரைகள் ஒவ்வொன்றாக விலகக் கூட்டம் காத்து நிற்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது வரிசை. ஒளியைப் பார்க்கும் சபை 1872இல்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1867இல், ஊர்க்காரர்கள் கொடுத்த நிலத்தில் அவர் தொடங்கியது சத்திய தருமச்சாலை. அடுப்பு. வருகிறவருக்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வயிறு கொதித்துக்கொண்டிருப்பவனிடம் விளக்கைப் பார் என்று சொல்லிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 464 விவசாயிகளை வைத்து அளந்தவர்களும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

விளக்கைப் பார்த்து உட்கார்வது, மூச்சைக் கவனிப்பது, ஜபமாலை உருட்டுவது, எதுவானாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். நினைப்பே வராமல் இருப்பது என்று பலர் எண்ணிக்கொண்டு, இரண்டு நாளில் ‘நமக்கு வராது’ என்று விட்டுவிடுகிறார்கள். நினைப்பு வரும். அது எங்கோ போய்விட்டதை ஒரு கணத்தில் நாமே பிடிப்போம். மறுபடி மூச்சுக்குத் திரும்புவோம். அந்தப் பிடிக்கிற கணம்தான் பயிற்சி. எமோரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசென்காம்ப் 2012இல் தியானம் பழகியவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, மனம் அலைந்ததைக் கண்டுகொண்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னார். அலைவது, கண்டுகொள்வது, திரும்புவது, நிற்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன. ஆக, பத்து நிமிஷத்தில் இருபது தடவை மனம் ஓடினால் இருபது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. இதற்கு ஆப் தேவையா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ‘இன்று நீங்கள் இன்னும் அமைதியடையவில்லை’ என்று மணியடித்துச் சொல்கிற ஆப்பை நானே பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் தனி ஆளாகச் செய்ய முடிகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். உணவு டெலிவரி செய்கிற பையனிடம் போனை ஓரமாக வை என்றால் அவனுக்கு அன்றைய கூலி போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு மேலாளர் குரூப்பில் கேள்வி போட்டால், பதில் போடாமல் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க யாருக்குத் துணிச்சல்? வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியா 2024இல். இங்கே 2018இல் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை.

சட்டத்துக்குக் காத்திராமல் ஒரு கிராமம் செய்து காட்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ். அதுவும் கரும்பு விளையும் பக்கம்தான். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்கு வந்த போன், பள்ளி திறந்த பிறகும் கையை விட்டு இறங்கவில்லை. 2022 ஆகஸ்ட் 15 முதல், தினமும் மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் சங்கு ஊதுகிறார்கள். எட்டரை வரை ஊரில் டிவி இல்லை, போன் இல்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். ஆரம்பத்தில் ஊரே சிரித்திருக்கிறது. ஊர்ப் பெண்களைக் கூட்டிப் பேசி, ஊராட்சி ஆட்களும் ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தான் அது நடைமுறைக்கு வந்தது. இதில் சூட்சுமம் எல்லாருக்கும் ஒரே நேரம் என்பதில் இருக்கிறது. நான் மட்டும் அணைத்தால் எதையோ தவறவிடுகிறேன். ஊரே அணைத்தால் தவறவிட அங்கே ஒன்றும் இல்லை. சித்திகூட அந்த நேரத்தில் பதிலை எதிர்பார்க்க மாட்டாள்.

எங்கள் தெருவிலும் இந்தப் பேச்சு எழுந்தது. ஆலைச் சங்குக்குப் பழகிய ஊர், இன்னொரு சங்கு ஒன்றும் பாரமில்லை. மளிகைக் கடைக்காரர், ஜிபே சத்தம் கேட்காவிட்டால் காசு வந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். கடைக்கு விலக்கு என்று முடிவாயிற்று. கடலூரில் நைட் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் விலக்கு. வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிடும் நேரம் அது என்று சொன்ன வீட்டுக்கு, கூப்பிட்டால் பேசலாம், பேசி முடித்ததும் போனை மேஜையில் வைத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். இழுபறியில் நிற்பது எதிர்வீட்டுப் பாட்டி ஒருத்திதான். ஏழரை மணி சீரியல் மறுநாள் மதியம் திரும்பப் போடுவார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று. “மதியம் பாத்தா அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு எவகிட்ட நான் பேசுறது?” என்கிறாள். அதற்கு எங்கள் தெருவில் யாரிடமும் பதில் இல்லை.